ஒயில் சீலைக் கழற்றுமுன் எஞ்சினின் மூச்சைப் பாருங்கள்

மண்வெட்டி பிடித்த கைகள் பல இன்று வள்ளத்தின் சுக்கானைப் பிடிக்கின்றன. 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு எழும்பிய குடும்பங்களும், பின்னர் வன்னியிலும் மன்னார்க் கரையிலும் நிலத்தை இழந்து கடலோரமாக ஒதுங்கிய குடும்பங்களும் எமது வாசகர்களில் உள்ளன. இவர்களில் சிலர் இரண்டு மூன்று வீட்டாராகச் சேர்ந்து, பழைய வள்ளமொன்றையும் உள்ளே பூட்டிய டீசல் எஞ்சினொன்றையும் வாங்கித் தொழில் செய்கின்றனர். இவர்களுக்குக் கடல் புதிது. எஞ்சின் புதிதல்ல. வெங்காயத்துக்கு நீர் இறைத்த மெசினும், வயல் உழுத லாண்ட்மாஸ்ரரும், இன்று வள்ளத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே சாதிதான். நாலடிப்பு டீசல் எஞ்சின். அடியில் ஒயில் தொட்டி. அதற்குள் சுழலும் கிராங் தண்டு.

தோட்டத்தில் எஞ்சின் ஒயில் கசிந்தால் மண் கறுக்கும், அவ்வளவுதான். இறைப்பு நின்றால் மறுநாள் இறைக்கலாம். வள்ளத்தில் அப்படியல்ல. நடு நீரேரியில் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்பதை 1990 களின் தொடக்கத்தில் கிளாலி கடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து விநாடிக்கு ஒரு துளி என்று ஒயில் சொட்டினால் மணித்தியாலத்துக்கு 720 துளி. அது ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். எட்டு மணித்தியாலத் தொழிலில் கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை லீற்றர் கொள்ளும் சிறிய எஞ்சினில், கவனிக்காமல் விட்டால், நாலைந்து தொழில் நாட்களில் குச்சியின் கீழ்க்கோடும் தெரியாமற் போய்விடும். பிறகு பெயரிங் உருகும். அந்த எஞ்சினுக்காகப் பட்ட கடன் மட்டும் உருகாது.

இப்பாடம் நாலடிப்பு டீசல் எஞ்சின்களுக்கு உரியது. வள்ளத்தின் பின்புறம் தொங்கவிடும் பழைய ஈரடிப்பு எஞ்சின்களில் ஒயில் எரிபொருளுடன் கலந்தே எரிகிறது. அவற்றுக்கு ஒயில் தொட்டியே கிடையாது. அவற்றை இங்கு எடுக்கவில்லை.

குளமும் வானும்

கசிவு என்றதும் எம்மவர் செய்யும் முதல் வேலை ஒயில் சீலை மாற்றுவது. அல்லது கசியும் மூடியைக் கழற்றிப் புதிய காஸ்கற் வெட்டிப் போட்டு, சிலிக்கோன் பசையையும் தடவி, ஆணியை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது. சீல் தேய்ந்திருந்தால் இது சரி. ஆனால் பல வேளைகளில் சீல் குற்றவாளியல்ல. உள்ளே இருக்கும் அமுக்கம் ஒயிலை வெளியே தள்ளுகிறது. மிகவும் பலவீனமான இடத்தைப் பிடித்துக்கொண்டு அது வெளியேறுகிறது. அந்த இடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும்.

வன்னி விவசாயிக்கு இதை ஒரு வார்த்தையில் விளக்கலாம். குளத்துக்கு நீர் வந்துகொண்டே இருக்கிறது. வான் பாய வழியில்லை. அப்படியானால் கட்டு எங்காவது உடைக்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் வான் கதவுகளைத் திறந்தது ஏன் என்று குளத்தின் கீழ் வயல் செய்தவர் எவரும் கேட்கமாட்டார். எஞ்சினின் வான், மூச்சுக்குழாய். மெக்கானிக்மார் அதைப் பிறீதர் என்பார்கள். கட்டு, சீல்களும் காஸ்கற்றுகளும். உடைத்த இடத்தில் மண் மூட்டை அடுக்கிவிட்டு வானைத் திறக்காமல் விடும் விவசாயியை நாம் என்ன சொல்வோம்?

நீர் எங்கிருந்து வருகிறது? டீசல் எஞ்சின் உறிஞ்சிய காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. அப்போது சிலிண்டருக்குள் அமுக்கம் வெளிக்காற்றின் 30 மடங்கை எட்டும். டீசல் பற்றியதும் அதைவிட இன்னும் உயரும். இதைத் தடுத்து நிற்பவை பிஸ்ரனின் மெல்லிய றிங்குகள். எவ்வளவு நல்ல றிங்கானாலும் ஒவ்வொரு அடிப்பிலும் சிறிது புகை அதைக் கடந்து கீழே ஒயில் தொட்டிப் பக்கம் இறங்கும். புது எஞ்சினிலும் இது உண்டு. அந்தப் புகை வெளியேறத்தான் மூச்சுக்குழாய் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இன்னுமொரு சங்கதி உண்டு. 95 மில்லிமீற்றர் குறுக்களவும் 115 மில்லிமீற்றர் அடிப்பும் கொண்ட 12 குதிரைவலு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தயாரிப்பாக எங்கும் காணப்படுவது இது. பிஸ்ரன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் 800 கனசென்ரிமீற்றருக்கு மேற்பட்ட காற்றைக் கிராங் பெட்டிக்குள் அமுக்குகிறது. மேலே போகும்போது அதே அளவை இழுக்கிறது. நிமிடத்துக்கு 1800 சுற்றென்றால் விநாடிக்கு 30 தடவை. ஆகவே இத்தகைய எஞ்சின்கள் பலவற்றின் மூச்சுக்குழாயில் மெல்லிய தகடு ஒன்று ஒருவழிக் கதவாக இருக்கும். காற்று வெளியே போகலாம், திரும்பி வரமுடியாது. அதனால் நல்ல நிலையிலுள்ள எஞ்சினின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அமுக்கத்திலேயே இருக்கும். ஒயில் வெளியே வராமல் உள்ளேயே நிற்க இது பெரிய உதவி. அந்தத் தகட்டில் கரி ஒட்டினாலோ, அது உடைந்தாலோ, கழற்றிப் பூட்டும்போது தலைகீழாகப் போட்டுவிட்டாலோ எல்லாம் மாறிவிடும்.

சிறிய அமுக்கமென்று அலட்சியம் செய்ய வேண்டாம். 10 சென்ரிமீற்றர் உயர நீர் தரும் அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10 கிராம்தான். ஆனால் 15 க்கு 20 சென்ரிமீற்றர் உள்ள பக்க மூடியொன்றின் பரப்பு 300 சதுர சென்ரிமீற்றர். அதில் மூன்று கிலோ பாரம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நிற்கிறது. கடதாசிக் காஸ்கற் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கடலில் மூச்சு ஏன் விரைவில் அடைபடுகிறது

இறைப்பு மெசினில் தண்ணீர்த் தொட்டி கொதித்துக்கொண்டே வேலை செய்யும். அந்தச் சூட்டில் ஒயிலுக்குள் சேரும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். கடல்நீரை நேராக உள்ளே விட்டுக் குளிராக்கும் வள்ள எஞ்சினை அவ்வளவு சூட்டில் ஓடவிடுவதில்லை. கூடிய சூட்டில் உப்புப் படிந்து நீர் வழிகள் அடைபடும் என்பதே காரணம். ஆகவே எஞ்சின் குளிராகவே ஓடுகிறது. றிங்கைக் கடந்து வரும் புகையிலுள்ள நீராவி உள்ளேயே குளிர்ந்து, ஒயிலுடன் கலந்து, வெண்ணெய் போன்ற சளியாகிறது. அது போய்ப் படியும் இடம் மூச்சுக்குழாயின் வலையும் தகடும் வளைவுகளும். வலை போட்டுவிட்டு மணிக்கணக்கில் எஞ்சினை மெதுவாக ஓடவிடும் பழக்கம் இதை இன்னும் கூட்டும். தோட்டத்தில் வருடக்கணக்கில் தொடாமல் விட்ட மூச்சுக்குழாயைக் கடலில் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சென்ற ஆண்டு ஒரு கரையோரக் கிராமத்தில் பூசை முடிந்ததும் ஒரு குடும்பத் தலைவர் வந்தார். "பாதர், பின் சீல் மூண்டு தரம் மாத்தியாச்சு. இன்னும் ஒழுகுது. இனி எஞ்சினைத்தான் விக்கவேணும்" என்றார். முந்தைய காலத்தில் புகையிலையும் மிளகாயும் செய்தவர். மூன்று வீட்டார் நகை அடகு வைத்து வாங்கிய எஞ்சின் அது. ஒவ்வொரு தரமும் எஞ்சினைப் புரொப்பலர் தண்டிலிருந்து பிரித்து, நகர்த்தி, பூட்டிய கூலி வேறு. நாங்கள் போய்ப் பார்த்தபோது சீலில் ஒரு குறையும் இல்லை. மூச்சுக்குழாயின் ரப்பர் குழாய் நுனியில் மரக்கட்டை ஒன்று அடிக்கப்பட்டு, அதற்கு மேல் வர்ணமும் பூசப்பட்டிருந்தது. எஞ்சினை முன்பு வைத்திருந்தவர் ஒயில் புகை வலையில் படுகிறது என்று செய்த வேலையாக இருக்கலாம். கட்டையைப் பிடுங்கி, குழாயை மண்ணெண்ணெயில் கழுவி, அதன் நுனியை ஒரு போத்தலுக்குள் விட்டோம். போத்தலின் வாயை அடைக்கவில்லை. அந்தச் சீலே இன்றும் இருக்கிறது. மூன்று சீல்களுக்கும் கூலிக்கும் போன பணம் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு வைத்தது என்று அவருடைய மனைவி சொன்னார்.

கசிவின் ஊற்றைக் கண்டுபிடித்தல்

தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஓட்டை ஓரிடம், ஒழுக்கு வேறிடம். நீர் தீராந்தி வழியே ஓடி வந்து பாயில் சொட்டும். எஞ்சினிலும் அப்படியே. மேலேயுள்ள வால்வு மூடியிலிருந்து வடியும் ஒயில் பின்புறமாக இறங்கிப் பெரிய சில்லில் பட்டுச் சிதறும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்பார்.

முதலில் எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துணியால் நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்த இடங்களில் வெண்கட்டித் தூளையோ முகத்துக்குப் பூசும் பவுடரையோ மெல்லியதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். தூளில் ஈரம் முதலில் தெரியும் மிக உயர்ந்த இடமே ஊற்று. ஓடும் எஞ்சினுக்கருகே சாரத்துடன் நிற்க வேண்டாம், களிசான் அணியுங்கள். பெல்ற்றில் சாரம் சிக்கினால் எஞ்சின் விடாது.

வெளியே வருவது ஒயில்தானா என்பதையும் நிச்சயப்படுத்துங்கள். டீசல் குழாயிலிருந்து கசியும் டீசல் பழைய அழுக்கில் கலந்தால் ஒயில் போலத் தோன்றும். மணமும் விரலில் தெரியும் மெல்லிய தன்மையும் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து ஒயில் குச்சி. குறைவைப் பார்ப்பதைப் போலவே கூடுதலையும் பாருங்கள். "கசியுதுதானே, கூட விட்டால் என்ன" என்று மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுபவர்கள் உண்டு. கிராங் அந்த ஒயிலை அடித்து நுரையாக்கும், அது மூச்சுக்குழாயை நிரப்பும், அமுக்கம் கூடும், கசிவும் கூடும். வள்ளங்களில் எஞ்சின் பின்பக்கம் சரிந்தே பூட்டப்படுவதால் குச்சியின் கோடுகள் ஏமாற்றலாம். எஞ்சினின் கையேடு சொல்லும் அளவு ஒயிலை அளந்து ஊற்றி, வள்ளம் அமைதியாக மிதக்கும்போது அது எங்கே நிற்கிறதோ அங்கே புதிய கோடு போடுங்கள்.

நாம் ஒயில் விடாமலே மட்டம் ஏறியிருந்தால் அது நல்ல செய்தியல்ல. டீசல் இறங்குகிறது அல்லது நீர் இறங்குகிறது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நீர். சந்தேகமானால் பழைய ரின் மூடியொன்றைச் சூடாக்கி அதில் ஒரு துளி விடுங்கள். நீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். அத்தகைய எஞ்சினை ஓட்டக் கூடாது. உப்பு நீர் ஒரு இரவுக்குள் பெயரிங்கில் வேலையைத் தொடங்கிவிடும். தலைக் காஸ்கற், ஒயிலைக் குளிராக்கும் பெட்டி, நீர்ப் பம்பின் சீல் ஆகியவற்றில் தவறு எங்கே என்று கண்டு திருத்திய பின்பே மற்றவை.

மேசனின் குழாயால் அமுக்கம் அளத்தல்

வீட்டுத்திட்டத்தில் அத்திவாரம் வெட்டியபோது மேசன்மார் நீர்மட்டம் பார்த்த தெளிவான பிளாஸ்ரிக் குழாய் உங்கள் வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் இரண்டரை மீற்றர் போதும். ஒரு பலகையில் அதை ‘ப’ எழுத்தின் வடிவில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு நீர் விடுங்கள். சிறிது நீலம் கலந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒயில் ஊற்றும் வாய்க்குப் பொருந்தும் பழைய மூடியொன்றைத் துளைத்து, காற்றுப் புகாதபடி குழாயின் ஒரு நுனியை அதில் பொருத்துங்கள். மற்ற நுனி திறந்திருக்கட்டும். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழக்கம் போலவே இருக்க வேண்டும், அதைக் கழற்றவோ அடைக்கவோ கூடாது. நீர் துள்ளிக்கொண்டே இருந்தால் எஞ்சின் பக்கக் குழாய்க்குள் சிறு பஞ்சுத் துண்டை வையுங்கள். பஞ்சு நழுவி எஞ்சினுக்குள் போகாதபடி நூலால் கட்டுங்கள்.

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கியபின் பாருங்கள். திறந்த பக்கத்தில் நீர் உயர்ந்தால் உள்ளே அமுக்கம். எஞ்சின் பக்கம் உயர்ந்தால் உள்ளே உறிஞ்சல். இரு பக்க நீருக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசத்தைச் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். கையேட்டில் எல்லை கொடுக்கப்பட்டிருந்தால் அதுவே சட்டம். கையேடு இல்லாத எஞ்சின்தான் எம்மிடம் அதிகம். அப்படியானால் ஒரு தனி இலக்கத்தைவிட அதன் மாற்றமே பேசும். மூச்சுக்குழாயைக் கழுவுமுன் எவ்வளவு, கழுவியபின் எவ்வளவு, சென்ற பருவத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு.

இன்னொன்று. சும்மா ஓடும் எஞ்சின் பொய் சொல்லும். பாரம் ஏறும்போதுதான் தேய்ந்த றிங்கால் புகை இறங்கும். வள்ளத்தை இறங்குதுறையில் இரண்டு நல்ல கயிறுகளால் கட்டி, கியரைப் போட்டு அரை வேகத்தில் ஐந்து நிமிடம் விட்டு அளவுங்கள். புரொப்பலருக்கு அருகே நீரில் எவரும், குறிப்பாகப் பிள்ளைகள், நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதில் கிடைத்துவிடும். அமுக்கம் இல்லை அல்லது சிறிது உறிஞ்சல் இருக்கிறது. ஆனாலும் கசிகிறது என்றால், சீல் அல்லது காஸ்கற் உண்மையிலேயே போய்விட்டது. தாராளமாக மாற்றுங்கள். அமுக்கம் இருக்கிறது என்றால் மூச்சுக்குழாயைக் கழற்றிக் கழுவி, தகடு சரியான பக்கம் பார்த்து அசைகிறதா என்று பார்த்து, குழாய் எங்கும் மடிந்து நெரிபடாமல் பூட்டி, மீண்டும் அளவுங்கள். இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. பல எஞ்சின்களில் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது எனது அனுபவம். இறங்கவில்லை என்றால் வான் திறந்திருக்கிறது, ஆனால் வரும் நீர் அதிகம். சிலிண்டரைப் பார்க்க வேண்டும்.

காதால் பார்க்கும் பரிசோதனை

இதற்குக் கராஜ் தேவையில்லை. டீசலை நிறுத்தும் கைப்பிடியை நிறுத்தும் நிலையில் வைத்து, ஹான்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலும் மற்ற விரல்களும் ஹான்டிலின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். திருப்பி அடித்தால் கை தப்பும். நல்ல எஞ்சினில் நெருக்கல் வரும்போது ஹான்டில் சுருள்வில் போல எதிர்த்து நிற்கும், சிறிது நேரம் தாங்கும். தேய்ந்த எஞ்சினில் பெருமூச்சு விட்டு இறங்கிவிடும். ஒருவர் அந்த இடத்தில் ஹான்டிலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒரு துண்டுக் குழாயைக் காதில் வைத்துக் கேட்கட்டும். ஒயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் றிங். காற்று உறிஞ்சும் வாயில் கேட்டால் உள்வாங்கும் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் புகை வால்வு. தண்ணீர்த் தொட்டியுள்ள எஞ்சினில் குமிழி வந்தால் தலைக் காஸ்கற்.

மேலும் நிச்சயம் வேண்டுமானால், காற்று உறிஞ்சும் வாயால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, சில சுற்றுச் சுற்றி, மீண்டும் பாருங்கள். எதிர்ப்புக் கூடினால் றிங்கும் லைனருமே தேய்வு. மாற்றமில்லை என்றால் வால்வுப் பக்கம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நெருக்கும்போது மிஞ்சும் இடம் மிகச் சிறியது. ஒயில் நெருங்காது, கம்பி வளையும்.

றிங் என்று தெரிந்ததும் உடனே லைனரும் பிஸ்ரனும் வாங்கப் பட்டணத்துக்கு ஓட வேண்டாம். மெதுவாகவே ஓடிய எஞ்சின்களில் றிங் தேயாமல் கரியில் ஒட்டிக் கிடப்பதும் உண்டு. நொசிலைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஒயிலும் சம அளவில் கலந்து சிறிது விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நொசிலைப் பூட்டுமுன் எஞ்சினைச் சுற்றி மிஞ்சியதை வெளியேற்றுங்கள். நொசில் வாய்க்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம். பழைய ஒயிலைக் கட்டாயம் மாற்றுங்கள், ஏனெனில் மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும். பிறகு சில மணித்தியாலம் நல்ல பாரத்தில் ஓட்டி மீண்டும் அளவுங்கள். ஒட்டியிருந்தால் விடுபடும். தேய்ந்திருந்தால் விடுபட ஒன்றுமில்லை, அப்போது கராஜ்தான். பொருளாதாரத் தடை இருந்த 1990 களில் கிடைத்ததை ஊற்றி எஞ்சினை ஓட்டிய மக்கள் நாங்கள். சவர்க்காரக் கட்டியால் தாங்கி ஓட்டையை அடைத்ததும் உண்டு. அந்தக் கெட்டித்தனம் அன்றைக்கு எம்மைக் காப்பாற்றியது. தேய்ந்த றிங்குக்கு மட்டும் அது உதவாது. தடித்த ஒயில் ஊற்றினால் சில நாள் மறையும், பிறகு முன்னிலும் மோசமாகத் தெரியும்.

சீல்தான் குற்றவாளி என்றால்

உள்ளே அமுக்கம் இல்லாமலே பின் சீல் திரும்பத் திரும்பப் போனால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். எஞ்சினும் புரொப்பலர் தண்டும் ஒரே நேரில் இல்லை. மரவள்ளம் கரையில் காய்ந்தபோது ஒரு வடிவம், நீரில் ஊறியபின் இன்னொரு வடிவம். ஆகவே இணைப்பை வள்ளம் மிதக்கும் நிலையிலேயே நேராக்குங்கள். தண்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தால் தடவினால் தெரியுமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், இடமிருந்தால் புதிய சீலைச் சற்று முன்னோ பின்னோ பொருத்துங்கள். அதன் உதடு தேயாத இடத்தில் உட்காரும். அடியில் தேங்கும் உப்பு நீர் ஒயில் தொட்டியின் தகட்டைத் தின்று ஊசித்துளை விடுவதும் உண்டு. அதைச் சீல் கசிவென்று நினைத்து எஞ்சினையே பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

மூச்சுக்குழாயின் நுனி காற்று உறிஞ்சும் வாயில் இணைக்கப்பட்ட எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே அமுக்கம் கூடியோ ஒயில் அளவுக்கு மிஞ்சியோ இருந்தால் ஒயில் அந்த வழியே சிலிண்டருக்குள் போகும். டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் எரிபொருள்தான். டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைத்தால் மட்டுமே நிற்கும். உறிஞ்சும் வாயை மூடக்கூடிய தட்டைப் பலகைத் துண்டொன்றை எஞ்சின் பெட்டியிலேயே வையுங்கள். கையால் மூட எவரும் முயல வேண்டாம்.

வள்ளத்தின் அடியில் சேரும் ஒயிலை நீரேரிக்குள் இறைக்காதீர்கள். தென்னந்தும்பைப் பழைய வலைத் துண்டில் கட்டிப் போட்டால் உறிஞ்சிவிடும். இறால் குஞ்சு வளரும் நீர் அது.

பழைய எஞ்சின் வாங்கும்போது

மீள்குடியேறிய குடும்பங்கள் கிடைத்த உதவிப் பணத்தில் முதலில் வாங்க ஆசைப்படுவது இதைத்தான். விற்பவர் எஞ்சினைக் கழுவி, வர்ணம் பூசி, தடித்த புது ஒயில் விட்டு வைத்திருப்பார். கழுவியது குற்றமல்ல. நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு வைத்திருந்தால் சற்று யோசியுங்கள். குளிரில் ஸ்ரார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாய்மேல் வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், அல்லது நீராவி இயந்திரம் போலப் புகை விடாமல் அடித்தால், விலை பேச வேண்டாம். மூச்சுக்குழாய் நுனியில் ஒரு சொப்பிங் பையைக் கட்டி அது நிறைய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அதே வகையான இன்னொரு எஞ்சினில் அதே பையைக் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிறைந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

பிறகு குழாய்ப் பலகையை எடுத்து, பாரத்தில் ஓட்டி அளவுங்கள். விற்பவர் இதற்கு இடம் தரமாட்டேன் என்றால் அதுவும் ஓர் அளவுதான். வாங்கிவிட்டால், அந்த இலக்கத்தையும் திகதியையும் எஞ்சின் பெட்டி மூடியின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதிவிடுங்கள். அடுத்த ஒயில் மாற்றத்தின்போது எடுக்கும் அளவை அதற்குக் கீழே எழுதலாம்.